கரும்புத் தோட்டத்து மண்ணில் சோலையைவிட அதிக நுண்ணுயிர் வகை என்றால், சோலைக்கு என்ன சிறப்பு?

மறையூருக்குப் பக்கத்தில் கோவில்கடவில் கரும்பு வைத்து வெல்லம் காய்ச்சும் ஒருவர் கேட்டிருந்தார். அவருடைய மகள் எம்.எஸ்ஸி. படிக்கிறார். படிப்புக்கான ஆய்வுக்காகத் தங்கள் கரும்புத் தோட்டத்து மண்ணில் ஒரு பையும், காந்தளூருக்கு மேலே சோலைக்காட்டை (உயர்மலையில் புல்வெளிகளுக்கு நடுவே நிற்கும் பசுமைமாறாக் காடு) ஒட்டிய மண்ணில் ஒரு பையும் எடுத்து டி.என்.ஏ. சோதனைக்கு அனுப்பியிருக்கிறார். கரும்புத் தோட்டத்தில்தான் பாக்டீரியா வகைகள் அதிகம் என்று முடிவு வந்திருக்கிறது. "சோலைக்காடு பெரிய பொக்கிஷம் என்கிறீர்கள். எங்கள் தோட்டத்து மண்ணே அதைவிட மேல் என்று சோதனை சொல்கிறதே. சோதனை தப்பா, இல்லை நீங்கள் எல்லாரும் சொல்வது தப்பா?" இதுதான் கேள்வி.

சோதனையை நம்பலாம். கரும்பில் அதிகம், சோலையில் குறைவு என்று வந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. இதே மாதிரி முடிவு வேறு நாடுகளிலும் வந்திருக்கிறது, காரணமும் பெரும்பாலும் தெரியும். ஆனால் ஒரு பை மண்ணில் எத்தனை வகை என்பது ஒரு கேள்வி. சின்னாறு முதல் ஆனைமுடி வரை மொத்தம் எத்தனை வகை, அவை எங்கெங்கே எப்படிப் பிரிந்து கிடக்கின்றன என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குக் கிடைத்த விடையை இரண்டாவதற்கு வைத்துப் பார்ப்பதால்தான் இந்தக் குழப்பம். நான் மண் நுண்ணுயிர் படித்தவன்; இந்த உடுமலை–மூணாறு சாலையில் இருபது வருஷமாக மண்கரண்டியும் பையுமாகத் திரிபவன். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

அந்தச் சாலையிலிருந்தே ஆரம்பிக்கலாம். உடுமலையிலிருந்து கிளம்பி ஒன்பதாறு சோதனைச்சாவடி தாண்டினால் காடு. முள்ளும் கள்ளியும், குட்டையாகக் குடை விரித்த வேல மரங்களும். மண் சிவந்து, கல் கலந்து, சித்திரையில் செருப்பையும் தாண்டிச் சுடும். சின்னாறு தாண்டியதும் கேரளம். சின்னாறு சரணாலயம் 90 சதுர கிலோமீட்டர் சொச்சம். அதன் வறண்ட பகுதியில் ஆண்டு மழை சுமார் 500 மில்லிமீட்டர். கேரளத்தில் இப்படி ஒரு முள்காடு இருக்கிறது என்றால் எர்ணாகுளத்திலிருந்து வருகிறவர்களே நம்ப மாட்டார்கள். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் கொட்டித் தீர்த்துவிட்டு, ஆனைமுடி வரிசையைத் தாண்டி இறங்கும்போது காய்ந்துபோய் வருகிறது. இந்தப் பக்கம் நம்பியிருப்பது ஐப்பசி, கார்த்திகை மழையைத்தான்.

அந்த முள்காட்டுக்கு நடுவே பாம்பாற்றங்கரையில் மட்டும் நீர்மருதும் நாவலும் புங்கையும் கோடு கிழித்த மாதிரி பச்சையாக நிற்கும். ஆற்றை விட்டுக் கொஞ்ச தூரம் நடந்தால் மறுபடியும் முள். மேலே ஏற ஏற இலையுதிர்காடு, மறையூர்ச் சந்தனம், உங்கள் கரும்பு வயல், காந்தளூர்ப் பழத்தோட்டங்கள், அதற்கும் மேலே மன்னவன் சோலை. மூணாறு பக்கம் திரும்பினால் தேயிலை, இரவிகுளத்துப் புல்வெளி, 2,695 மீட்டரில் ஆனைமுடி. மூணாற்றில் மழை 3,000 மில்லிமீட்டரைத் தாண்டும். சின்னாறு சோதனைச்சாவடியிலிருந்து மூணாற்றுக்குச் சாலையில் அறுபது கிலோமீட்டர்தான் இருக்கும். அதற்குள் மழை ஆறு மடங்கு கூடிவிடுகிறது. இவ்வளவு குறுகிய தூரத்தில் இத்தனை விதமான காடு மாறும் இடம் தென்னிந்தியாவில் மிகக் குறைவு. உங்கள் மகள் வீட்டு வாசலிலேயே நல்ல ஆய்வுக்கூடம் இருக்கிறது.

சரி, இந்த மாற்றத்தை எப்படி அளப்பது? 1960இல் ராபர்ட் விட்டேக்கர் என்ற அமெரிக்கத் தாவர அறிஞர், அவர் நாட்டு மலை ஒன்றின் காடுகளைப் பற்றி எழுதும்போது மூன்று விதமாகப் பிரித்தார். ஒரே இடத்தில் நின்று எண்ணினால் வருவது ஆல்ஃபா. மலை முழுக்கச் சேர்த்து எண்ணினால் வருவது காமா. ஒரு இடத்துக்கும் இன்னொரு இடத்துக்கும் எவ்வளவு ஆள் மாறியிருக்கிறது என்பது பீட்டா. ஊர்க்கணக்கில் சொன்னால், ஒரு வீட்டில் எத்தனை பேர் என்பது ஆல்ஃபா. ஊரில் மொத்தம் எத்தனை பேர் என்பது காமா. வீட்டுக்கு வீடு வேறு வேறு ஆட்கள்தானா, அல்லது அதே பத்துப் பேர் எல்லா வீட்டிலும் சுற்றிச் சுற்றி இருக்கிறார்களா என்பது பீட்டா. உங்கள் மகள் அளந்தது இரண்டு வீட்டின் ஆல்ஃபாவை.

தாவரங்களில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். முதுமலையில், வயநாட்டு எல்லையிலிருந்து அதிகத் தூரமில்லாத இடத்தில், இந்திய அறிவியல் கழகத்தார் 1988இல் 50 ஹெக்டேர் காட்டை அளந்து, விரல் பருமனுள்ள தண்டு முதல் ஒவ்வொன்றையும் எண் கட்டிக் கணக்கெடுக்க ஆரம்பித்தார்கள். அந்த இலையுதிர்காட்டில் கிடைத்த மர இனங்கள் சுமார் 70தான். பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் அதே 50 ஹெக்டேரில், அதே முறையில் எண்ணியது சுமார் 300. இதை மட்டும் பார்த்தால் நம் காடு ஏழைக்காடு என்று தோன்றும். ஆனால் முதுமலையை விட்டு மேற்கே இறங்கினால் பட்டியல் மாறுகிறது, மேலே ஊட்டிப் பக்கம் ஏறினால் மறுபடி மாறுகிறது. மேற்குத்தொடர்ச்சி மலை முழுவதும் பூக்கும் தாவரங்கள் 7,000க்கு மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தப் பெரிய எண்ணில் பெரும்பங்கு இப்படி இடத்துக்கு இடம் வகை மாறுவதில்தான் இருக்கிறது.

தரையில் வைத்து எண்ணும் சதுரச் சட்டத்தின் அளவை மாற்றினால் யார் முதலிடம் என்பதே மாறிவிடும். உலகத்தில் ஒரு சதுர மீட்டரில் அதிகத் தாவர வகை பதிவானது மழைக்காட்டில் இல்லை. அர்ஜென்டினாவின் ஒரு மலைப் புல்வெளியில், 89 வகை. ஒரு ஹெக்டேருக்கு விரித்தால் சாதனை எக்குவடாரின் மழைக்காட்டுக்குப் போய்விடுகிறது, 942 வகை. இரவிகுளத்துப் பக்கம் புல்வெளியில் குனிந்து பாருங்கள்: இரண்டு கை அகலத்துக்குள் நாலைந்து வகைப் புல், தரையோடு ஒட்டிய சின்னப் பூச்செடிகள், குறிஞ்சிக் கன்று என்று நெருக்கியடித்துக் கிடக்கும். சோலைக்குள் அதே இரண்டு கை அகலத்தில் ஒரு மரத்தின் அடியும் பாசியும் ஒரு பெரணியும் இருந்தால் உண்டு. பத்தடிக்குப் பத்தடி, நூறடிக்கு நூறடி என்று சட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் சோலையில் புதிது புதிதாக மரம் வந்துகொண்டே இருக்கும். எந்த அளவில் பார்த்தோம் என்று சொல்லாமல் 'இது அதிகம், அது குறைவு' என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி இதுதான்.

பரப்பு கூடக்கூட வகை எப்படிக் கூடுகிறது என்பதற்கு ஒரு பழைய சூத்திரம் உண்டு. 1921இல் ஓலாஃப் அர்ரீனியஸ் என்ற சுவீடன்காரர் எழுதியது. நுணுக்கத்துக்குள் போகாமல் சொன்னால், பரப்பைப் பத்து மடங்கு ஆக்கினால் வகை எத்தனை மடங்கு ஆகிறது என்று பார்ப்பது. தாவரங்களுக்குப் பல இடங்களில் கிடைக்கும் வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டால், பத்து மடங்கு பரப்புக்கு வகைகள் முக்கால் பங்கு கூடும். 2004இல் இதே கணக்கை நுண்ணுயிர்களுக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்துப் பூஞ்சைகளில் பத்து மடங்கு பரப்புக்குக் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்குதான் கூடியது. அமெரிக்கக் கடலோரச் சதுப்பு ஒன்றின் பாக்டீரியாக்களில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகவில்லை. அதாவது பாக்டீரியாவுக்கு ஒரு பிடி மண்ணே ஒரு பெரிய காடு. அங்கேயே ஏராளம் இருக்கிறது. தள்ளிப் போனால் கூடுவது கொஞ்சம்தான்.

ஏராளம் என்று சும்மா சொல்லவில்லை. ஒரு கிராம் காட்டு மண்ணில் பாக்டீரியாவின் எண்ணிக்கை நூறு கோடி வரை போகும். 1990இல் நார்வேயில் ஒரு காட்டு மண்ணிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, அதில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மரபுத்தொகுப்புகள், அதாவது வெவ்வேறு வகைகள், சுமார் 4,000 இருக்கும் என்று கணக்கிட்டபோது பலர் நம்பவில்லை. அதுவரை ஆய்வகத்துக் கண்ணாடித் தட்டில் வளர்த்து எண்ணிக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். மண்ணில் இருப்பதில் மிகப் பெரும்பகுதி தட்டில் முளைப்பதே இல்லை.

பாக்டீரியா ஏன் இடத்துக்கு இடம் குறைவாக மாறுகிறது? 1934இல் பாஸ் பெக்கிங் என்ற டச்சுக்காரர் ஒரு விளக்கம் சொன்னார். நுண்ணுயிர் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது, எது தங்கும் என்பதை அந்த இடத்தின் சூழல்தான் முடிவு செய்கிறது என்பது அதன் சாரம். காற்றில் தூசியோடு, யானையின் பாதத்தில், ஆற்று நீரில், லாரி டயரில் என்று எதில் வேண்டுமானாலும் பயணம் போகும் உயிர்கள் அவை. இதில் உண்மை நிறைய இருக்கிறது, ஆனால் முழு உண்மை இல்லை. நாம் பாக்டீரியாவை எண்ணப் பயன்படுத்தும் அளவுகோல் ரொம்பத் தளர்வானது. செல்லுக்குள் புரதம் செய்யும் ரைபோசோமுக்கான ஒரே ஒரு மரபணுவைப் படித்து, 97 சதவீதம் ஒத்துப்போனால் ஒரே வகை என்று நீண்ட காலம் எண்ணினோம். மனிதனிடமும் அதற்கு இணையான மரபணு உண்டு. அது சிம்பன்சியினுடையதோடு கிட்டத்தட்ட அப்படியே ஒத்துப்போகும். அந்த அளவுகோலை வைத்து மிருகக்காட்சிசாலையை எண்ணினால் நாமும் குரங்கும் ஒரே கூண்டு. ஆகவே மன்னவன் சோலையிலும் உங்கள் தோட்டத்திலும் 'ஒரே பாக்டீரியா' இருப்பதாக அறிக்கை சொன்னால், அவை நிஜமாகவே ஒன்றா, நம் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிகிறதா என்ற சந்தேகத்தை விடக்கூடாது.

இப்போது உங்கள் தோட்டம் ஏன் ஜெயித்தது என்பதற்கு வருகிறேன். பெரும்பாலும் மண்ணின் புளிப்பு. 2006இல் வட, தென் அமெரிக்காக்களில் 98 இடங்களின் மண்ணை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று வந்தது. எது சூடான ஊர், எது குளிர்ந்த ஊர், எங்கே மழை அதிகம் என்பதெல்லாம் பாக்டீரியா வகைகளின் எண்ணிக்கையை அவ்வளவாகத் தீர்மானிக்கவில்லை. தீர்மானித்தது மண்ணின் புளிப்பைக் காட்டும் அளவான பி.எச். நடுநிலைக்குப் பக்கத்திலுள்ள மண்ணில் வகைகள் மிக அதிகம். புளித்த மண்ணில் குறைவு. மரத்துக்கும் பறவைக்கும் பேர்போன பெரு நாட்டு அமேசான் காட்டு மண், பாக்டீரியா வகையில் கடைசி வரிசையில் நின்றது, அதன் புளிப்பால். நம் சோலையும் அப்படித்தான். ஆண்டாண்டு காலமாக மழை கால்சியம், மக்னீசியம் எல்லாவற்றையும் அலசிக் கீழே கொண்டுபோய்விட்டது. மேலே மட்கிய இலையின் அமிலம். உங்கள் கரும்பு வயலில் சாம்பலும் தொழுவுரமும் சுண்ணாம்பும் விழுகின்றன, மழையும் அவ்வளவு இல்லை. மண் நடுநிலைப் பக்கம் நகர்ந்திருக்கும். அதற்குத்தான் அந்த எண் கூடியிருக்கும். உழுவதும், நீர் பாய்ச்சுவதும், தோகையை எரிப்பதும் தம் பங்குக்குக் கலக்கிவிடுகின்றன. இதில் உங்கள் தோட்டத்துக்குக் குறைவு ஒன்றுமில்லை, நல்ல மண்தான். சோலைக்கும் குறைவு இல்லை.

பூஞ்சையின் கணக்கு வேறு. 2014இல் உலகம் முழுக்க 365 இடங்களில் மண்பூஞ்சைகளைப் பார்த்த ஆய்வில், பூஞ்சை வகைகளை அதிகம் தீர்மானித்தது தட்பவெப்பம். ஆக உங்கள் மகள் பூஞ்சையையும் சோதித்திருந்தால் வரிசை மாறியிருக்கலாம். ஒரே மண், ஒரே பை. எந்த உயிரைக் கேட்கிறோமோ அதற்கேற்ற பதில்.

கொஞ்சம் கீழே இறங்கி, மண்ணுக்கு மிக அருகில் போவோம். மறையூரில் ஒரு நண்பரின் நிலத்து வரப்பில் பறவை போட்ட விதையில் தானாக முளைத்த சந்தனக் கன்று ஒன்று உண்டு. அதன் வேரை ஒருமுறை பழைய பெயின்ட் பிரஷ்ஷால் மண்ணைத் தட்டித் தட்டிப் பின்தொடர்ந்தேன். முக்கால் மணி நேரத்தில் ஒரு முழம்தான் போக முடிந்தது. பக்கத்துப் புங்கையின் வேரைத் தொட்ட இடத்தில் வெளிர் நிறத்தில், கோவில் மணியைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு சின்ன உறிஞ்சி கவ்வியிருந்தது. அரிசியைவிடக் கொஞ்சம் பெரிது. சந்தனம் பாதி ஒட்டுண்ணி; தன் இலையில் சமைத்தாலும் நீரையும் உப்பையும் பெருமளவு அடுத்த மரத்தின் வேரிலிருந்து வாங்கும். அதனால்தான் நாற்றுப் பைகளில் சந்தனத்தோடு துவரையோ பொன்னாங்கண்ணியோ துணைக்கு வைக்கிறார்கள்.

அந்த ஒரு முழத்துக்குள் மண் நாலு விதமாக இருந்தது. வேரோடு ஒட்டி, தட்டினாலும் விழாமல் நிற்கும் மெல்லிய படலம் ஒன்று. 1904இல் ஹில்ட்னர் என்ற ஜெர்மானியர் இதற்கு வேர்மண்டலம் என்ற பொருளில் பெயர் வைத்தார். வேர் கசியவிடும் சர்க்கரைக்கும் அமிலங்களுக்கும் அலையடிக்கிற கூட்டம் அங்கே. எண்ணிக்கை அதிகம், ஆனால் வகை பெரும்பாலும் வெளி மண்ணைவிடக் குறைவு. கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி: கூட்டம் பெரிது, வந்திருப்பது அழைத்தவர்கள் மட்டும். வேரிலிருந்து கட்டைவிரல் அகலம் தள்ளி, கூட்டம் குறைந்து வகை கூடுகிறது. மண்கட்டி ஒன்றை உடைத்தால் அதன் வெளிப்புறத்தில் காற்றை விரும்புகிறவை, ஈரமான உள்மையத்தில் காற்றில்லாமல் வாழ்கிறவை. இடையில் சில மில்லிமீட்டர். ஒரு சாண் ஆழம் போனால் மேல்மண்ணின் கூட்டமே இல்லை. மேல்மண்ணில் பல கிலோமீட்டர் போனால் பார்க்கிற மாற்றத்தை, கீழே தோண்டினால் ஒரு முழத்துக்குள் பார்க்கலாம். நுண்ணுயிர் இடத்துக்கு இடம் மாறுவது குறைவு என்று மேலே சொன்னேனே, அது சமதளத்தில் கிலோமீட்டர் கணக்கில் அளந்தால். அதன் உலகத்தின் அளவுகோலில், செண்டிமீட்டரில், அளந்தால் மாற்றம் பிரமாதமாக இருக்கிறது. நாம்தான் ஒரு கரண்டியால் அள்ளி, பையில் போட்டுக் குலுக்கி, அத்தனை வீட்டையும் இடித்து ஒரே குவியலாக்கிவிடுகிறோம்.

செடிக்கும் மண்ணுயிருக்கும் உள்ள தொடர்பு இந்தச் சின்ன அளவுகளில்தான் நடக்கிறது. நாவல் பழுத்துக் கொட்டிய பிறகு மரத்தடியில் கம்பளம் விரித்த மாதிரி நாற்று முளைக்கும். அடுத்த வருஷம் போய்ப் பாருங்கள், தாய்மரத்தடியில் பிழைத்தவை விரல்விட்டு எண்ணலாம். தள்ளிப்போய் விழுந்த விதைக்குத்தான் வாய்ப்பு அதிகம். 1970இல் டான் ஜான்ஸனும் 1971இல் ஜோசப் கோனெலும் தனித்தனியே இதற்குச் சொன்ன விளக்கம்: தாய்மரத்தைச் சுற்றி அந்த இனத்துக்கென்றே எதிரிகள் குவிந்திருக்கும், அவை நாற்றைத் தின்றுவிடும், அந்த இடம் வேறு இனத்துக்குக் கிடைக்கும். பின்னால் வந்த சோதனைகளில் அந்த எதிரிகளில் முக்கியமானவை மண்பூஞ்சைகள் என்று தெரிந்தது. மத்திய அமெரிக்கக் காடு ஒன்றில் பூஞ்சைக்கொல்லி தெளித்தபோது நாற்றுகளின் பன்மை குறைந்துபோனது. வெப்பமண்டலக் காட்டில் ஒரே மரம் கூட்டமாக நிற்காமல் கலந்து கலந்து நிற்பதற்குக் கண்ணுக்குத் தெரியாத இந்தப் பூஞ்சை ஒரு பெரிய காரணம். சில மீட்டர் அளவில் நடக்கும் சாவு, ஹெக்டேர் அளவில் பன்மையாகத் தெரிகிறது. இந்த விஷயத்தை எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

உதவி செய்யும் பூஞ்சைகளிலும் அளவின் விளையாட்டு உண்டு. பெரும்பாலான நம் மரங்களின் வேருக்குள் குடியிருந்து பாஸ்பரஸ் கொண்டுவந்து கொடுக்கும் வேர்ப்பூஞ்சைக் குடும்பத்தை 2015இல் ஆறு கண்டங்களில் தேடிப் பார்த்தார்கள். கிடைத்த வகைகளில் 93 சதவீதம் ஒன்றுக்கு மேற்பட்ட கண்டங்களில் இருந்தன. மரங்களோ மலைக்கு மலை வேறு. உலகம் சுற்றும் துணைவர்கள் சிலரை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மலையும் தனக்கென்று தனிக் காட்டை வளர்த்திருக்கிறது. மேற்குச் சரிவின் வெள்ளைக்குங்கிலிய மரக் குடும்பத்துக்கு வேறு விதமான வேர்ப்பூஞ்சை. அது இவ்வளவு தாராளமாக எல்லாரோடும் சேராது. பைன் மரத்தை அது இல்லாத நாடுகளில் கொண்டுபோய் நட்டபோது, அதன் மண்ணையும் கொஞ்சம் கூடவே கொண்டுபோகும்வரை பல இடங்களில் அது தேறவில்லை.

தீங்கு செய்வதற்கும் மறையூரிலேயே உதாரணம் இருக்கிறது. சந்தனத்தின் இலை சிறுத்து, கொத்துக் கொத்தாக விறைத்து நிற்கும் ஸ்பைக் நோய். 1899இல் குடகில் முதலில் பதிவானது. காரணம், செல்சுவர்கூட இல்லாத ஃபைட்டோபிளாஸ்மா என்ற பாக்டீரியா. சாறு உறிஞ்சும் பூச்சி மரத்துக்கு மரம் கொண்டுபோகிறது. பாக்டீரியா எல்லா இடத்திலும் பரவிக்கிடக்கும் என்ற பேச்சு இங்கே செல்லாது. இது பூச்சி பறக்கும் தூரத்தில், திட்டுத் திட்டாக நகரும்.

இனி, உங்கள் கேள்வியின் மையம். 2013இல் பிரேசிலின் ரொண்டோனியாவில் அமேசான் காட்டை அழித்து மேய்ச்சல் நிலமாக்கிய இடங்களில் ஒரு ஆய்வு நடந்தது. மண் பாக்டீரியாவை ஒரு இடத்தில் எண்ணினார்கள்: மேய்ச்சல் நிலத்தில் வகை அதிகம், காட்டில் குறைவு. உங்கள் மகளுக்கு வந்த அதே விடை. அங்கேயும் எரித்த சாம்பல் மண்ணின் புளிப்பைக் குறைத்திருந்தது. ஆனால் அவர்கள் அதோடு நிற்கவில்லை. காட்டில் ஒரு இடத்தையும் தள்ளி இன்னொரு இடத்தையும் ஒப்பிட்டார்கள். மேய்ச்சல் நிலத்திலும் அதே தூரங்களில் ஒப்பிட்டார்கள். காட்டில் தூரம் போகப்போக ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். மேய்ச்சல் நிலத்தில் எங்கே தோண்டினாலும் கிட்டத்தட்ட அதே கூட்டம். எங்கும் பிழைக்கும் பாக்டீரியாக்கள் பரவிவிட்டன. குறிப்பிட்ட இடத்துக்கென்று இருந்தவை தொலைந்துபோயின. ஆல்ஃபா ஏறியது, பீட்டா சரிந்தது. ஒரே ஒரு பை மண்ணைப் பார்த்தவருக்கு லாபமாகத் தெரிந்தது, நிலம் முழுவதையும் பார்த்தவருக்கு நட்டம்.

இதை நம் மலையில் கண்ணாலேயே பார்க்கக்கூடிய இடம் புல்வெளியும் சோலையும் சந்திக்கும் விளிம்பு. இரண்டு எட்டில் உலகம் மாறும். புல்லில் நிற்கும்போது முதுகில் வெயிலும் காற்றும். மண்ணைக் கத்தியால் வெட்டினால் மெல்லிய வேர்கள் பின்னிய மெத்தை. சோலைக்குள் ஒரு கால் வைத்தால் குளிர், இருட்டு, நனைந்த இலைக்குவியல். கையை விட்டால் மணிக்கட்டு வரை கறுத்த மட்கு, முகர்ந்தால் முதல் மழையின் மண்வாசனை. அந்த வாசனையைச் செய்வதும் ஸ்ட்ரெப்டோமைசஸ் போன்ற மண் பாக்டீரியாக்கள்தான். மார்கழிப் பனியில் புல் கருகும், ஐந்தடி தள்ளி உள்ளே இருக்கும் நாற்றுக்கு ஒன்றும் ஆகாது. அந்த விளிம்பின் மேல் வாட்டில் என்ற வெளிநாட்டு மரத்தையும் கிராண்டிஸ் என்ற யூகலிப்டஸையும் நட்டால் நடப்பது என்ன? புல்வெளி மண்ணிலும் அதே இலை உதிர்கிறது, சோலை ஓரத்திலும் அதே இலை உதிர்கிறது. ஒரே நிழல், ஒரே வேர். வாட்டில் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துச் சேர்த்து மண்ணையே மாற்றிவிடுகிறது. புல்வெளித் தாவரங்கள் போனதை எல்லாரும் பார்க்கிறோம். கீழே நடப்பதை ஒரு பை மண் எடுத்து எண்ணினால் தெரியாது. விளிம்பின் இரண்டு பக்கமும் எடுத்து, வித்தியாசம் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்த்தால்தான் தெரியும்.

மேலே தெரியும் செடிகளை வைத்தே கீழே உள்ளதைச் சொல்லிவிட முடியுமா என்றும் கேட்பீர்கள். பாதி முடியும். 2015இல் நான்கு கண்டங்களின் புல்வெளிகளில் பார்த்தபோது, ஒரு இடத்தில் செடி வகை அதிகம் என்பதால் அங்கே நுண்ணுயிர் வகை அதிகமாக இல்லை. ஆனால் இரண்டு இடங்களின் செடிகள் எவ்வளவு வேறுபட்டனவோ, அந்த அளவுக்கு நுண்ணுயிர்களும் வேறுபட்டன. ஆல்ஃபாவில் உறவு இல்லை, பீட்டாவில் இருக்கிறது. காடு இடத்துக்கு இடம் வேறாக இருப்பதைக் காப்பாற்றினால் மண்ணுக்குள் இருக்கும் வேறுபாடும் பெருமளவு கூடவே காப்பாற்றப்படும் என்று நான் உறுதியாகப் பேசுவது இதை வைத்துத்தான்.

உங்கள் மகளுக்கு இன்னும் நேரம் இருந்தால், ஆய்வை இப்படி நீட்டச் சொல்லுங்கள். தோட்டத்தில் ஒரு இடம், அதிலிருந்து 1 மீட்டர், 10 மீட்டர், 100 மீட்டர், 1 கிலோமீட்டர் தள்ளி என்று மண் எடுக்கட்டும். ஒரு கிலோமீட்டருக்கு அடுத்தவர் கரும்பு வயல் வந்தால் நல்லதுதான். சோலையிலும் அதே தூரங்கள். சின்னாற்று முள்காட்டிலும் எடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. ஒவ்வொன்றும் தனிப் பையில் இருக்க வேண்டும். ஐந்து இடத்து மண்ணை ஒரே பையில் கலக்கும் வழக்கம் உர சிபாரிசுக்குச் சரி. இந்தக் கேள்விக்கு அது பீட்டாவை நம் கையாலேயே அழிப்பது. மேல் இலையை ஒதுக்கிவிட்டு எல்லா இடத்திலும் முதல் 10 செண்டிமீட்டர் மட்டும், எல்லாம் ஒரே வாரத்தில். ஒரு குழிக்கும் அடுத்த குழிக்கும் நடுவில் கரண்டியை ஸ்பிரிட் போட்டுத் துடைக்க வேண்டும். ஐஸ் பெட்டியில் கொண்டுபோய் அன்றே உறையவைக்க வேண்டும். சரணாலயத்துக்குள்ளும் தேசியப் பூங்காவுக்குள்ளும் வனத்துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் ஒரு கரண்டி மண்கூட எடுக்கக்கூடாது. கல்லூரி வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்கட்டும்.

ஒவ்வொரு மண்ணுக்கும் பி.எச். கட்டாயம் பார்க்க வேண்டும். ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரைப் பங்கு காய்ச்சி வடித்த நீர், கலக்கி அரைமணி நேரம் விட்டு அளந்தால் போதும். செலவே இல்லை, ஆனால் அது இல்லாமல் மற்ற எண்களுக்கு விளக்கம் சொல்ல முடியாது. ஆய்வகத்திலிருந்து வரும் முடிவில் ஒவ்வொரு மாதிரியிலும் எத்தனை டி.என்.ஏ. துண்டுகள் படிக்கப்பட்டன என்று பார்த்து, எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் குறைத்துக்கொண்டு ஒப்பிட வேண்டும்; அதிகம் படித்த மாதிரியில் அதிக வகை தெரிவது இயல்பு. இன்னொன்று: மண்ணில் செத்துப்போன உயிர்களின் டி.என்.ஏ.வும் தங்கிக் கிடக்கும். பல இடங்களின் மண்ணைப் பார்த்த ஒரு ஆய்வில் அது சராசரியாக 40 சதவீதம் இருந்தது. ஆகவே பட்டியலில் இருப்பதெல்லாம் இப்போது உயிரோடு இருக்கிறது என்று எழுதிவிடக்கூடாது.

கடைசியில் இரண்டு வரைபடம் போடட்டும். ஒன்று, ஒவ்வொரு பையிலும் எத்தனை வகை. அதில் உங்கள் தோட்டம் மறுபடியும் ஜெயிக்கும் என்றே நினைக்கிறேன். இன்னொன்று, தூரம் கூடக்கூட இரண்டு பைகளுக்கு இடையே உள்ள ஒற்றுமை எப்படிக் குறைகிறது. கரும்புக்கு ஒரு கோடு, சோலைக்கு ஒரு கோடு. அந்த இரண்டாவது படம் தயாரானதும் பி.எச். எண்களோடு சேர்த்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், உட்கார்ந்து பார்க்கலாம்.